மஞ்சள் கடுதாசியும் இரண்டாம் சீலமும்

பஞ்ச சீலம் ஏற்ற அன்பர்கள் நம்மிடம் பன்முறை வினவியதும், வினவக் கூசித் தம் உள்ளத்திலேயே வைத்துக்கொண்டதுமான ஒரு கேள்வியை இங்கே எடுத்து ஆராயப் புகுகின்றோம். கடன்பட்டு, அதனைத் தீர்க்க வழியின்றி, நீதிமன்றத்தை அடைந்து, ‘என்னால் இயலவில்லை, உள்ளதை எடுத்துக்கொண்டு என்னை விடுவியுங்கள்’ என்று விண்ணப்பித்து விடுதலை பெறும் ஒருவன், கொடாததை எடுத்தவன் ஆவானா? ‘அதின்னாதானா வேரமணி’ என்று நாள்தோறும் நாவாரச் சொல்லும் நாம், பிறர் பொருளை வாங்கிக்கொண்டு, சட்டத்தின் துணையால் திருப்பிக் கொடாமல் இருந்துவிடுதல் தகுமா?

ஊர் வழக்கில் இதற்கு ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தல்’ என்று பெயர். ‘ஐ.பி. போட்டுவிட்டான்’ என்றும் சொல்வர். இவ்விரண்டையும் எவரேனும் மரியாதையோடு சொல்ல நாம் கேட்டதில்லை. ஊரார் பணத்தை வாங்கிக் கடை நடத்தி, வீட்டை மனைவி பேருக்கு எழுதி வைத்துவிட்டுக் கையை விரித்த வணிகரின் நினைவே அச்சொற்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆதலால் நாணயமுள்ள ஏழை அவ்வாசலை ஏறெடுத்தும் பாரான். கந்து வட்டிக்காரனுக்குக் கொடுக்க மீட்டர் வட்டிக்காரனிடம் வாங்குவான். அவனுக்குக் கொடுக்க மனைவியைக் குழுக் கடன் எடுக்கச் சொல்வான். இக்காலத்தில் கைப்பேசியிலேயே கடன் கொடுக்கும் செயலிகளும் வந்துவிட்டன, அதிலும் வாங்குவான். தோடு அடகுக் கடைக்குப் போகும். மகளின் படிப்பு நிற்கும். இரவோடிரவாகக் குடும்பம் ஊரைவிட்டு அகலும். உயிரையே மாய்த்துக்கொண்டாரும் உளர். இவ்வளவும் செய்தவன் மானஸ்தன் என்றும், நீதிபதி முன் நின்று தன் கணக்கை ஒப்புவித்தவன் மானங்கெட்டவன் என்றும் உலகம் பேசுகின்றது. இந்த அளவுகோலில் பிழை இருக்கிறது என்பது நம் கருத்து.

பகவான் புத்தர் கடனை இலேசாக எண்ணியவர் அல்லர். இல்லறத்தார்க்குரிய சுகங்கள் நான்கு என்று அனாதபிண்டிகருக்கு உரைத்தபோது, பொருள் உடைமை, அதனைத் துய்த்தல், கடனின்மை, குற்றமின்மை என்று வகுத்தார். அனாதபிண்டிகரோ பெருவணிகர், வணிகர் பலருக்குப் பெருந்தொகை கடன் கொடுத்து, அது திரும்பி வாராமல் வறுமையுற்றவர் என்று ஜாதகக் கதை கூறும். கடன் கொடுத்தவரிடத்திலேயே கடனின்மையின் சுகம் பேசப்பட்டது கவனிக்கத்தக்கது. அங்குத்தர நிகாயத்தில் வேறோரிடத்தில், வறுமை துன்பம், அதனால் வாங்கும் கடன் துன்பம், வட்டி துன்பம், கேட்டு நெருக்கப்படுதல் துன்பம், பின்தொடரப்படுதல் துன்பம், கட்டுண்ணுதல் துன்பம் என்று படிப்படியாக எடுத்துக் காட்டுகின்றார். அந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கியவர்கள் நம் வாசகருள் இருப்பர். அவர்க்கு உரை வேண்டுவதில்லை.

விநய பிடகத்து மகாவக்கத்தில் ஒரு செய்தி உண்டு. சங்கத்தில் சேர்ந்தவர்களை எவரும் ஒன்றும் செய்யலாகாது என்று மகத மன்னன் பிம்பிசாரன் ஆணையிட்டிருந்தான். கடனாளி ஒருவன் கடன் கொடுத்தவர்களுக்குத் தப்பி ஓடி வந்து துவராடை உடுத்துக்கொண்டான். கொடுத்தவர்கள் கண்டனர், பிடிக்க எழுந்தனர், அரசன் ஆணையை நினைந்து கைவிட்டனர். ஜனங்கள் முறுமுறுத்தனர். அது கேட்ட பகவான், கடனாளிக்குத் துறவு கொடுத்தலாகாது என்று விதித்தார். இன்றும் உபசம்பதை பெற வருபவனை நோக்கி, ‘நீ கடனற்றவனா?’ என்று கேட்கும் முறை இருக்கிறது.

இதனைச் சிலர் கடனாளியின்மேற் கடுமை என்று கொள்வர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. ஒளிந்துகொள்ளும் இடமாகச் சங்கம் இருத்தலாகாது என்பதே அவ்விதியின் கருத்து. ஓடி ஒளிபவனுக்குப் பின்வாசலை அவர் அடைத்தார். அங்ஙனமாயின் ஓட விரும்பாத, ஆனால் கொடுக்கவும் இயலாத மனிதன் எங்கே போவான்? அவனுக்கு முன்வாசல் ஒன்று வேண்டும். எல்லாரும் காண உள்ளே போய், எல்லாரும் காண வெளியே வரத்தக்க வாசல். அதனை அமைத்தல் அரசின் கடமை. நொடித்தோர் சட்டம் என்பது அந்த வாசலே.

நம் நாட்டில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று மாநகரங்களுக்கென 1909-ஆம் ஆண்டிலும், ஏனைய மாகாணப் பகுதிகளுக்கென 1920-ஆம் ஆண்டிலும் இச்சட்டங்கள் இயற்றப்பட்டன. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கடன் 500 ரூபாய்க்குக் குறையாமல் இருந்து அதைத் தீர்க்க இயலாதவனும், கடனுக்காகக் கைது செய்யப்பட்டவனும், எவன் சொத்து ஜப்தி ஆகியிருக்கிறதோ அவனும் விண்ணப்பம் செய்யலாம். நீதிமன்றம் அவனை நொடித்தவன் என்று தீர்ப்புச் செய்துவிடின், அவன் சொத்து நீதிமன்றத்தின் வசமோ ரிசீவர் வசமோ சேர்கின்றது. அதன்பின் கடன் கொடுத்தவர் தனித்தனியே வழக்கு நடத்தி அவனை இழுத்தல் கூடாது. மன்றத்தின் அனுமதி வேண்டும். கைதுக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணையும் அவன் கேட்டுப் பெறலாம். எல்லாருக்கும் அவரவர் கடனின் விகிதப்படி பங்கிடப்படும். முந்தி வந்து மிரட்டியவனுக்கு முழுத் தொகை, பொறுத்திருந்தவனுக்கு ஒன்றுமில்லை என்னும் அநீதி இதனால் நீங்குகின்றது.

ஆனால் எல்லாச் சொத்தும் போய்விடுவதில்லை. இதனைத்தான் நம்மவர் அறியார். உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, எவற்றை ஜப்தி செய்தலாகாது என்று வரிசையாகச் சொல்கின்றது. உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத அணி, கைத்தொழிலாளியின் கருவிகள், உழவனின் ஏர், மாடு, விதைத் தானியம், உழவனோ, கூலித் தொழிலாளியோ, வீட்டு வேலை செய்பவரோ தாம் குடியிருக்கும் சொந்த வீடு, தொழிலாளியின் கூலி, வருங்கால வைப்பு நிதி. மாதச் சம்பளக்காரனாயின் முதல் 1,000 ரூபாயும், மிஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக்கூடாதன. ஜீவனாம்சத் தீர்ப்புக்கு மட்டும் வேறு கணக்கு. இவ்வாறு விலக்கப்பட்டவை நொடித்தவனின் சொத்தாகவே எண்ணப்படா என்று 1920-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒப்புக்கொள்கின்றது.

தையற்காரனின் இயந்திரத்தை எடுத்து விற்றால் ஒருமுறை சில ஆயிரம் கிடைக்கும். அதனோடு அவன் பிழைப்பும் முடியும், மற்றக் கடன்காரரின் நம்பிக்கையும் முடியும். ஆலையில் நூல் அறுந்தால் முடிச்சிட்டு மேலே ஓட்டுவோம். அறுந்த நூலுக்காகக் கதிரைப் பிடுங்கி எறிவார் இலர். சாமஞ்ஞபல சூத்திரத்தில் கடன் தீர்ந்தவனின் மகிழ்ச்சியை உவமையாகக் காட்டும் பகவான், கடன் வாங்கித் தொழில் செய்தான், தொழில் பலித்தது, பழங்கடனைத் தீர்த்தான், மனைவியைக் காப்பாற்ற மீதியும் இருந்தது என்றே முடிக்கின்றார். அந்த மீதி இல்லாமல் உவமை நிறைவுறவில்லை என்பதை நாம் பலகாலும் எண்ணிப் பார்த்ததுண்டு.

இனி, கடன் கொடுத்தவன் எதுவரை கேட்கலாம் என்பது கேள்வி. தேரிகாதையில் இசிதாசி என்னும் பிக்குணி தன் முற்பிறவிகளைச் சொல்லி வருங்கால், ஒரு பிறவியில் ஏழை வண்டிக்காரன் வீட்டில் பெண்ணாகப் பிறந்ததைச் சொல்கின்றாள். அவ்வீடு கடனில் மூழ்கிய வீடு. வட்டி ஏறிவிட்டது என்று வணிகக் கூட்டத் தலைவன் ஒருவன், அழ அழ அச்சிறுமியை வீட்டினின்று இழுத்துச் சென்றான். இஃது என்றோ நடந்த கதை என்று ஒதுக்குவதற்கில்லை. செங்கற் சூளையிலும் அரிசி ஆலையிலும் கல் குவாரியிலும் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தவர் நம் இனத்தார். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன் அறவே அழிந்துபோனதாக விதித்தது. வண்டிக்காரன் மகளை இழுத்துச் சென்றவனும், சூளை முதலாளியும் எடுத்துக்கொண்டது பொருளை அன்று, வரப்போகும் நாட்களை.

அமெரிக்க நாட்டில் 1934-ஆம் ஆண்டு இதே கேள்வி அந்நாட்டு உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. தொழிலாளி ஒருவர் 300 டாலர் கடனுக்கு ஈடாகத் தமக்கு வரப்போகும் கூலியை எழுதிக் கொடுத்திருந்தார். பின்னர் நொடித்தவராகி விடுதலையும் பெற்றார். விடுதலைக்குப் பின் அவர் உழைத்துப் பெறும் கூலியும் எமக்கே என்றது கடன் கொடுத்த நிறுவனம். மன்றம் அதனை மறுத்தது. ஒருவன் உழைத்துப் பிழைக்கும் ஆற்றலைப் பழங்கடனுக்கு அடிமையாக்கிவிட்டால், விடுதலை என்பது வெறும் சொல் என்பதே அத்தீர்ப்பின் சாரம். அந்நாட்டில் கூலி பெறுவோர்க்கென 1938-இல் ஓர் ஏற்பாடும் சட்டமாயிற்று; 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது விரிவுபெற்றது. அதன்படி, மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை வருவாயில் ஒரு பகுதியை மன்றத்தின் மேற்பார்வையிற் செலுத்திவருபவர், தவணை தவறிய வீட்டையும் நிலுவையைச் சிறுகச் சிறுகக் கட்டிக் காத்துக்கொள்ளலாம். அந்நாட்டின் பகட்டையெல்லாம் நாம் புகழ்வதில்லை. கடன் அட்டையைக் கொடுத்து மக்களைக் கடனாளி ஆக்குவதிலும் அவர்களே முன்னோடிகள். ஆயினும் நல்லது எங்கிருந்தாலும் நல்லதே.

சரி, இரண்டாம் சீலத்துக்கு வருவோம். கொடாததை எடுத்தல் என்பதற்கு எடுக்கும் எண்ணம் வேண்டும். பிறர் பொருள் என்று அறிந்தும் கவரும் உள்ளம் வேண்டும். கடன் என்பதோ கொடுக்கப்பட்ட பொருள். வாங்கியபோது திருப்பித் தரும் எண்ணம் இருந்து, பின்னர் ஆலை மூடியதாலோ, நோயாலோ, மழை பொய்த்ததாலோ இயலாமற் போனவனிடம் களவு எங்கே இருக்கின்றது? இயலாமை வேறு, விருப்பமின்மை வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே சட்டத்தின் முதல் வேலை. சொத்து முழுவதும் சேர்ந்தும் ஈடற்ற கடனில் ரூபாய்க்கு 50 பைசாகூட வாராதாயின் முழு விடுதலை கொடுத்தலாகாது என்று 1920-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லிவிட்டு, அந்நிலை அவன் பொறுப்புக்கு உட்படாத காரணத்தால் நேர்ந்ததென்று அவன் காட்டினால் தடையில்லை என்றும் சேர்த்துச் சொல்கின்றது. சூதாடினவனையும், வீண் ஆடம்பரம் செய்தவனையும், தீர்க்கும் வழி தெரியாமலே மேலும் மேலும் வாங்கினவனையும் அது தனியே நிறுத்தி வைக்கின்றது. வஞ்சித்து வாங்கிய கடனும், மனைவி மக்களின் ஜீவனாம்சமும், அரசுக்குச் செலுத்தவேண்டியதும் விடுதலையால் நீங்கா.

பொய்யை அது மன்னிப்பதில்லை. விண்ணப்பத்துக்கு முந்திய மூன்று மாதத்துள் மைத்துனனுக்கு மட்டும் முழுதும் கொடுத்துவிட்டு மற்றவரை விடும் சலுகையும், விண்ணப்பத்துக்கு முந்திய இரண்டாண்டுக்குள் கைம்மாறின்றி வீட்டைப் பிறர் பேருக்கு மாற்றியதும் செல்லாதனவாகத் தள்ளப்படலாம். சொத்தை மறைத்தவன் ஓராண்டு வரை சிறை செல்ல நேரும். இதில் நுட்பம் ஒன்று. பாத்திரமும் கருவியும் அவனிடமே இருக்கட்டும் என்று விலக்கிய சட்டம், கணக்குப் புத்தகத்தை மட்டும் விலக்கவில்லை. கரண்டியை வைத்துக்கொள், கணக்கைக் கொடு என்கின்றது. நான்காம் சீலத்தையும் இரண்டாம் சீலத்தையும் இதைவிட நெருக்கமாகச் சேர்த்த விதியை நாம் கண்டதில்லை. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லி, உள்ளதை ஒப்புவித்து, விடுதலை பெறுபவன் சீலம் கெட்டவன் ஆகான். இரவில் ஊரைவிட்டு ஓடுபவனே சீலத்துக்குத் தொலைவில் நிற்கின்றான். அவனையும் நாம் இகழ்வதற்கில்லை, அச்சமே அவனை ஓட்டுகின்றது.

இவ்வளவில் நிறுத்திவிட்டால் எளிதாயிருக்கும். ஆயின் கடன் கொடுத்தவரெல்லாம் செல்வர் அல்லர். நம் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்து, பத்துப் பாத்திரம் தேய்த்துச் சேர்த்த 40,000 ரூபாயை, மகள் கலியாணத்துக்கென வைத்திருந்த அம்மையார், அடுத்த வீட்டுக்காரரின் மருத்துவச் செலவுக்கு எழுத்தின்றிக் கொடுத்திருப்பார். வட்டிக்கடைக்காரனுக்கும் இவருக்கும் சட்டம் வேறுபாடு காட்டுவதில்லை. இருவருக்கும் ஒரே விகிதம். தொழிலாளியின் கூலி பாக்கிக்கு முன்னுரிமை உண்டு. இந்த அம்மையாரின் கைமாற்றுக்கு இல்லை. எழுத்து இல்லாததால் கடனை மெய்ப்பிப்பதே அவருக்குப் பாடாகும். விடுதலை பெற்றவன் நிமிர்ந்து நடக்க, அவர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதால், சட்டம் நிறைவேறியது என்று சொல்லி நாம் போய்விட முடியுமா?

முடியாது என்றே நினைக்கின்றோம். மன்றம் கொடுத்த விடுதலை, அவனை எவரும் கட்டாயப்படுத்தலாகாது என்கின்றது. அவன் மனமுவந்து கொடுப்பதை அது தடுப்பதில்லை. வட்டியால் பன்மடங்கு முன்னமே தின்றவனுக்குக் கொடாமல் இருப்பதில் நமக்கு வருத்தம் சிறிதும் இல்லை. அந்த அம்மையாருக்கோ, கை நிமிர்ந்தபின் மாதம் 500 ரூபாயாயினும் கொண்டுபோய்க் கொடுத்தல் வேண்டும். இதனைச் சட்டமாக்க வேண்டும் என்று சிலர் சொல்வர். நாம் உடன்படோம். சட்டமாக்கினால் அவ்வழியே வட்டிக்காரனும் உள்ளே வருவான்.

ஜாமீன் நின்றவர் செய்தியும் இத்தகையதே. கடனாளிக்குக் கிடைக்கும் விடுதலை, ஜாமீன் நின்றவரை விடுவிப்பதில்லை. சேர்ந்து கையெழுத்திட்டவரையும் விடுவிப்பதில்லை. குழுக் கடனில் ஒருத்தி விலகினால் மற்றப் பெண்களின் தலையில் அது விழுகின்றது. ஆகவே விண்ணப்பம் எழுதுமுன் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுதல் வேண்டும். சொல்லக் கடினமான சொல்தான். அமீனா வந்து சொல்வதினும் அது மேல். அடமானம் வைத்த வீட்டுக்கும், அடகுக் கடையில் இருக்கும் நகைக்கும் இச்சட்டத்தாற் காப்பு இல்லை என்பதையும் ஈண்டே சொல்லி வைக்கின்றோம். ஈடு பெற்றவன் உரிமை அப்படியே நிற்கும்.

கடனுக்குச் சிறை என்னும் அச்சம் இன்னும் நம்மவரை விட்டு நீங்கவில்லை. வசூலுக்கு வருபவரும் அதனையே சொல்லி மிரட்டுவர். பணத் தீர்ப்புக்காகப் பெண்ணைக் கைது செய்தலாகாது. சட்டம் தெளிவாக இருக்கின்றது. 2,000 ரூபாய்க்கு மேற்படாத தீர்ப்புக்கு எவரையும் சிறை வைத்தலாகாது. 5,000 ரூபாய்க்கு மேற்பட்டாலும் மூன்று மாதமே எல்லை. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்சநீதிமன்ற நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர், கொடுக்க இயலாமை மட்டுமே சிறைக்குக் காரணமாகாது, கையில் இருந்தும் கொடாத கெடுமதி வேண்டும் என்று தீர்ப்பளித்தார். கைது செய்து கொண்டுவரப்பட்டவனிடம், ‘நொடித்தவன் என்று விண்ணப்பிக்க உனக்கு உரிமை உண்டு’ என்று நீதிமன்றமே தெரிவிக்க வேண்டும் என்பது 55-ஆம் பிரிவு. சிறையிற் கிடந்து வந்தாலும் கடன் தீர்வதில்லை என்பதும் அதே சட்டத்தில் இருக்கின்றது. பிறகு எவருக்கு என்ன லாபம்!

2016-ஆம் ஆண்டில் நொடிப்பு, திவால் பற்றிய புதிய தொகுப்புச் சட்டம் ஒன்று நாடாளுமன்றத்தில் இயற்றப்பட்டது. மிக ஏழைகளுக்கெனப் ‘புதுத் தொடக்கம்’ என்னும் பகுதி அதில் உண்டு. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாமலும், சொத்து 20,000 ரூபாய்க்கு மேற்படாமலும், கடன் 35,000 ரூபாய்க்கு மேற்படாமலும், சொந்த வீடு இல்லாமலும் இருப்பவர் விண்ணப்பித்தால், 180 நாட்கள் கடன்காரர் அவரை அணுகாதபடி தடையும், அதன் முடிவில் விடுதலையும் கிடைக்கும் என்பது ஏற்பாடு. மாதம் 5,000 ரூபாயில் எந்த நகரத்தில் எவர் குடும்பம் நடத்துகின்றார் என்று சட்டம் வகுத்தவர்கள் விசாரித்தார்களோ என்னவோ. அதுவும் போகட்டும். தனி மனிதர்க்குரிய பகுதியை 2019 டிசம்பர் 1 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனியாருக்கு மட்டுமே கொண்டுவந்தனர். கோடிக்கணக்கில் ஜாமீன் கையெழுத்திட்டவர் புதிய வாசலில் நுழைந்தனர். சமையற்காரியும் கொத்தனாரும் பழைய வாசலிலேயே நிற்கின்றனர். அப்பழைய வாசலோ வக்கீலும், ரிசீவரும், வாய்தாவுமாக ஆண்டுகளைத் தின்பது. ஏழைகள் அதனைப் பயன்படுத்தாமைக்கு நாணம் ஒரு காரணமாயின், இத்தாமதம் மற்றொரு காரணம். சங்கங்கள் கூடித் தீர்மானம் எழுதி அனுப்புவதற்கு இதைவிடத் தக்க பொருள் வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

வக்கீலுக்குப் பணமில்லை என்பார்க்கு ஒரு செய்தி. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பட்டியல் வகுப்பினர், பெண்கள், ஆலைத் தொழிலாளர் ஆகியோர்க்கு இலவச வக்கீல் உதவி உரிமையாக உண்டு. பௌத்தர் என்று எழுதினால் பட்டியல் வகுப்புரிமை போய்விடும் என்று சில அன்பர்கள் இன்றும் தயங்குகின்றனர். 1990-ஆம் ஆண்டிலேயே பௌத்தரையும் சேர்த்துச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது; தயங்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்தை அடுத்தும் அந்த ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். போகும்போது புரோநோட்டு நகல், வங்கிப் புத்தகம், சம்பளச் சீட்டு, அடகுச் சீட்டு ஆகியவற்றோடு, எவரெவருக்கு எவ்வளவு என்னும் பட்டியலையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எழுத்தில்லாமல் வாங்கிய கைமாற்றுகளையும், தங்கையிடம் வாங்கிய 2,000 ரூபாயையும், மளிகைக் கடைப் பாக்கியையும் விடாமல் அதில் எழுதுங்கள்.